தீட்டு வேறு, தொற்று வேறு

(தலித் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் கருத்தரங்கில் நர்சிங் மாணவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. நர்சிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். நோட்டீசுல என் பேச்சுக்கு 'சேவையைக் கற்றல்'னு தலைப்புப் போட்டிருக்கீங்க. அந்த 'சேவை'ங்கிற சொல்லைப் பத்திக் கொஞ்சம் பேசிட்டு அப்புறம் உள்ளே போறேன்.

நமக்கு இந்தச் சொல் புதுசு இல்ல. சாவு சொல்லப் போனது, பறையடிச்சது, செத்த மாட்டை இழுத்துப் போட்டது, குழி வெட்டினது, எல்லாத்தையும் ஊருக்குச் செய்யிற ஊழியம், கடமைன்னுதான் நம்ம தாத்தா பாட்டிக்குச் சொல்லி வச்சாங்க. கூலி கேட்டா, "கடமைக்கு எவனாவது கூலி கேப்பானா"ன்னு அடிச்சாங்க. இன்னிக்கு நர்ஸுங்க சம்பளம் கேட்டாலும் அதே பதில்தான் வருது. "இது தெய்வப் பணிம்மா, இதுல போய் பணம் பேசலாமா?" யாரைத் தெய்வம்னு சொல்றாங்களோ அவங்களுக்குச் சம்பளம் தர மாட்டாங்க. அதனால நான் இங்கே சேவைன்னு சொல்லப் போறதில்ல. வேலைன்னு சொல்றேன். கத்துக்கிட்டாத்தான் வரும், கத்துக்கிட்டவங்களுக்குக் கூலி தரணும், அப்படிப்பட்ட வேலை.

வெளியிலிருந்து பாக்குறவங்களுக்கு நர்ஸுன்னா ஊசி. ஆனா சேர்ந்த முதல் சில மாசம் எங்க கையில ஊசியே தரல. கை கழுவச் சொல்லிக் குடுத்தாங்க. படுக்கை விரிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ட்யூட்டர் வந்து கையால தடவிப் பாத்துட்டு, சுருக்கம் தட்டுப்பட்டா மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டு மறுபடி விரிக்கச் சொல்லுவாங்க. அழகுக்காகத்தான் இந்தப் பாடுன்னு நாங்க பேசிக்கிட்டோம். வார்டுக்குப் போன பிறகுதான் அர்த்தம் புரிஞ்சது. அசைய முடியாத ஒரு மனுசன் அந்தச் சுருக்கத்து மேல ராத்திரி முழுக்கக் கிடந்தா, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோல் நசுங்கும். அந்த இடத்துல ரத்த ஓட்டம் நிக்கும். முதல்ல ஒரு சிவப்பு வரும். விரல் வச்சு அழுத்தினா அந்தச் சிவப்பு வெளுக்காது. அதுதான் எச்சரிக்கை. அதைப் பாக்காம விட்டா கொப்புளம், அப்புறம் புண், அப்புறம் குழி, கடைசியில எலும்பு. பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, இடுப்புக்குக் கீழ நடு எலும்பு, குதிகால், இந்த இடங்களைத் தினமும் பாக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கணும்.

இப்ப ஒரு கணக்குப் போடுங்க. பயிற்சிக்குப் போன ஒரு வார்டுல நாற்பது படுக்கை. தரையில பாய் போட்டுப் படுத்தவங்க தனி. ராத்திரியில ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அசைய முடியாதவங்க பத்துப் பேர்னு வைங்க. ஒருத்தரைத் திருப்ப ரெண்டு ஆள் வேணும், அஞ்சு நிமிஷம் ஆகும். பத்துப் பேருக்கு ஐம்பது நிமிஷம். ஒவ்வொரு 120 நிமிஷத்துலயும் ஐம்பது நிமிஷம் ரெண்டு பேருக்குத் திருப்புறது மட்டுமே வேலை. மருந்து, ஊசி, டிரிப், புதுசா வர்ற கேஸ், இதெல்லாம் யார் பாக்குறது? படுக்கைப்புண் வந்த நோயாளியோட மகன் நர்ஸைப் பாத்து "உங்களுக்கெல்லாம் இரக்கமே இல்லையா"ன்னு கத்துறான். அவன் கோபம் நியாயம்தான். ஆனா அந்தப் புண்ணு இரக்கம் இல்லாததால வரல, ஆள் இல்லாததால வந்தது. 1946இல் போர் கமிட்டி அறிக்கை குடுத்தபோது 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று எழுதியது. அன்றைய நிலை இன்று இல்லை. ஆனாலும் காலிப் பணியிடம் என்பது கோப்பில் இருக்கிற எண் இல்லை, யாரோ ஒரு கிழவனோட முதுகுல இருக்கிற குழி என்பதை வார்டில் நின்றால்தான் தெரியும். அந்த வார்டில் படுத்திருக்கிறவர்கள் யார்? காசு இருக்கிறவன் அங்கே வர மாட்டான். நம்ம சனங்கதான்.

இந்த வேலையில பாதி எண்ணுறது. 500 மில்லி குளுக்கோஸ் எட்டு மணி நேரத்துல போகணும், ஒரு மில்லிக்குப் பதினஞ்சு சொட்டு விழுற டியூப்னா நிமிஷத்துக்குப் பதினாறு சொட்டு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே எண்ணணும். நாடித் துடிப்பை மூணு விரல் வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணணும். அது முடிஞ்சும் கையை எடுக்காம, நாடி பாக்குற மாதிரியே பிடிச்சுக்கிட்டு மூச்சை எண்ணணும். மூச்சை எண்ணுறோம்னு தெரிஞ்சா ஆளு மூச்சை மாத்தி விட ஆரம்பிச்சிடுவாரு.

இந்தக் கையைப் பத்தித்தான் உங்ககிட்ட முக்கியமா பேசணும்னு வந்தேன். எங்க தாத்தாவுக்குக் கடையில மீதிச் சில்லறையைக் கையில குடுக்க மாட்டாங்க, மேலேருந்து போடுவாங்க. அவரு ரெண்டு கையையும் ஏந்திக்கணும். அவரோட பேத்தி ஊர்க்காரன் மணிக்கட்டை ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இதைச் சொன்னா நம்ம தோழர்களுக்குச் சந்தோஷமா இருக்கும். "பாத்தீங்களா, ஆஸ்பத்திரியில சாதி இல்ல"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க.

எலும்பு வார்டுல ஒரு பாட்டி. இடுப்பு எலும்பு முறிஞ்சு, காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டிருந்தது. எழுந்திரிக்க முடியாது. நான் வந்த முதல் நாளே, "எந்த ஊரும்மா நீ?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" காலனின்னு சொன்னேன். மறைக்கிறதில்லைன்னு சேரும்போதே முடிவு பண்ணியிருந்தேன். அவங்க ஒண்ணும் சொல்லல. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல பெட்பேன் கேட்டாங்க. வச்சேன், எடுத்தேன், கழுவித் துடைச்சு விட்டேன். அதுக்கெல்லாம் ஒரு தடையும் இல்ல. தண்ணி ஊத்திக் குடுத்தேன். "வேணாம், மருமவ வருவா"ன்னுட்டாங்க. உதடு காஞ்சு கிடக்குது. காலையில பதினோரு மணிக்குக் கேட்டேன், பன்னிரண்டுக்குக் கேட்டேன், ஒரு மணிக்குக் கேட்டேன். மருமவ ரெண்டு மணிக்கு வந்த பிறகுதான் தண்ணி குடிச்சாங்க.

நோயாளி உள்ளே எவ்வளவு குடிச்சாங்க, வெளியே எவ்வளவு போனது, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதணும். இன்டேக் அவுட்புட் சார்ட்டுன்னு சொல்லுவோம். அன்னிக்கு என் டியூட்டி நேரத்துல அவுட்புட் பக்கம் முழுக்க என் கையெழுத்து. இன்டேக் பக்கம் காலி. தோழர்களே, தீண்டாமையைப் பத்தி நானும் நிறையப் படிச்சிருக்கேன். அந்த ஒரு தாள் அளவுக்கு எதுவும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. மலம் எடுக்க என் கை ஆகும், தண்ணி குடுக்க ஆகாது. அப்ப அவங்க பிரச்சினை தொடுறது இல்ல. நான் எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு அவங்க சாதி முடிவு பண்ணி வச்சிருக்கு. அழுக்கு என் பங்கு. தண்ணி, சோறு அவங்க பங்கு. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். அது ஒரு சார்ட்டில் ரெண்டு பத்தியாகப் பிரிந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

அந்தப் பாட்டிக்கு மூணு வாரம் முதுகு துடைச்சு, பவுடர் போட்டு, எடை கட்டின கால் அசையாம, ஸ்டாஃப் அக்காவும் நானும் சேர்ந்து இடுப்பைத் தூக்கி விரிப்பை இழுத்து விட்டோம். மனசு மாறினாங்களான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அவங்க முதுகுல ஒரு கீறல் இல்ல. அது என் வேலை. அது நல்லா நடந்துச்சு.

போன வருஷம் ஒரு தோழர் என்கிட்ட கேட்டாரு. "நம்மை மிதிக்கிறவன் பீயை நீ எதுக்கும்மா அள்ளணும்? நம்ம அப்பனும் ஆத்தாளும் அதைத்தானே காலம் காலமா செஞ்சாங்க. அதிலேருந்து வெளியே வரத்தானே படிப்பு?" நல்ல கேள்வி. நான் யோசிச்சுச் சொன்ன பதில் இது. என் ஆத்தாவுக்கு வேண்டாம்னு சொல்ல முடியாது. கையுறை கிடையாது. கூலி கிடையாது. அந்த வேலையில இருந்த அறிவை யாரும் அறிவுன்னு ஒத்துக்கல. எனக்கு இந்த நாலும் வேணும். மறுக்கிற உரிமை, பாதுகாப்பு, சம்பளம், படிப்பு. இந்த நாலும் இருந்தா மலம் எடுக்கிறது மருத்துவம். மலத்தோட நிறத்தைப் பாத்து நான் உள்ளே ரத்தம் கசியுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுவேன். இந்த நாலும் இல்லேன்னா அதே வேலை அடிமைத்தனம். வேலை இழிவானது இல்ல. வேலையைப் பிறப்போட கட்டி வச்சதுதான் இழிவு.

இங்கேதான் தலைப்பா நான் வச்சுக்கிட்ட விஷயத்துக்கு வர்றேன். தீட்டு வேற, தொற்று வேற.

1840களில் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் ரெண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். 1846இல் டாக்டர்கள் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் மூன்று பேருக்கும் குறைவு. ஏழைப் பெண்கள் டாக்டர் பிரிவுக்குப் போக மாட்டேன் என்று கெஞ்சினார்கள். செம்மல்வெய்ஸ் என்கிற மருத்துவர் காரணத்தைத் தேடினார். டாக்டர்கள் பிண அறுவைக் கூடத்தில் வேலை செய்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறுவை வேலை இல்லை. 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாகக் குறைந்தது. மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதா? இல்லை. கனவான்களின் கை எப்படி அசுத்தமாக இருக்க முடியும் என்று கோபப்பட்டார்கள். 1865இல் அவர் மனநோய் விடுதியில் செத்துப் போனார்.

இந்தக் கதையை வகுப்புல கேட்டப்போ எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்துச்சு. மேலே இருக்கிறவன் கை சுத்தம், கீழே இருக்கிறவ கை அசுத்தம்னு அங்கேயும் நம்பினாங்க. உண்மை நேர் எதிரா இருந்துச்சு. தொற்று யார் கையிலயும் ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவினா போயிடும். கிருமிக்கு ஊர் தெரியாது, காலனி தெரியாது. தீட்டு அப்படி இல்ல. பிறக்கும்போதே ஒட்டுது, எந்த சோப்புக்கும் போகாது. கழுவினா போறது அழுக்கு. கழுவினாலும் போகாதுன்னு ஒருத்தன் சொன்னா, அது அழுக்கு இல்ல, அதிகாரம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் தொட்டால் பரவாது. ஆனாலும் அந்த நோயாளிகளைத் தொட அஞ்சி ஒதுக்கி வைத்தது இந்தச் சமூகம். தீட்டு மனசு ஏற்கெனவே தயாராக இருக்கிற நாட்டில், புது நோய் வந்தால் புதுத் தீண்டாமையும் சேர்ந்தே வருகிறது.

நர்சுங்க சங்கத்துக்கும் எனக்கு ஒரு வார்த்தை இருக்கு. எங்க தொழிலும் ஏணியில ஏறும்போது அழுக்கைக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஏறுது. டாக்டர் நர்ஸ்கிட்ட தள்ளுறாரு, நர்ஸ் மாணவிகிட்ட, மாணவி ஆயாகிட்ட, ஆயா துப்புரவுப் பணியாளர்கிட்ட. அந்தக் கடைசிப் படியில யார் நிக்கிறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. என் சித்தி ஒரு ஆஸ்பத்திரியில ஒப்பந்தக் கூலியா தரை துடைக்கிறாங்க. கிரீமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட வாந்திபேதி, காய்ச்சலால் செத்த சிப்பாய்கள்தான் அதிகம் என்றும், சாக்கடை, காற்று, சுத்தம் இவைதான் உயிரைக் காப்பாற்றும் என்றும் புள்ளிவிவரத்தோடு வாதாடியவர் நைட்டிங்கேல். அவர் பேரைச் சொல்லி விளக்கேத்துறோம். அப்ப சுத்தம் பண்றது மருத்துவம்னா, சுத்தம் பண்றவங்களும் மருத்துவப் பணியாளர்தானே? ஏன் அவங்களுக்கு மட்டும் ஒப்பந்தக் கூலி?

இதுல நீங்க செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. மாணவிகளுக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூணு தவணை போடுறாங்க. ஏன்னா ஊசி குத்திட்டா அந்த வைரஸ் ரத்தம் வழியா வரும். ஆனா பயன்படுத்தின ஊசி தப்பான பையில விழுந்தா முதல்ல யாரைக் குத்தும்? அந்தப் பையைத் தூக்குற கையை. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளுகிற எல்லாருக்கும் மஞ்சள் காமாலை பி, ரணஜன்னி தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விதிவிலக்கு இல்லை. உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. துப்புரவு செய்யிற அக்காகிட்ட, "உங்களுக்கு ஊசி போட்டாங்களா?"ன்னு கேளுங்க. இல்லேன்னு சொன்னா மனு எழுதுங்க. ஒரு நாள் வேலை இது.

நைட்டிங்கேல் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாள். அதைக் கொண்டாட வேண்டாம்னு நான் சொல்லல. அந்த நாள்ல நம்ம அம்மா ஒருத்தியையும் சேர்த்துச் சொல்லணும். 1897இல் புனே பகுதியில் பிளேக் வந்தபோது, சாவித்திரிபாய் புலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஊருக்கு வெளியே சிகிச்சை மையம் நடத்தினார். முந்த்வா கிராமத்தில் ஒரு மகர் சிறுவன் நோயில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, சாவித்திரிபாய் அவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு அந்த மையத்துக்கு நடந்தார். அவன் பிழைத்துக்கொண்டான். அவருக்கு நோய் ஒட்டியது. மார்ச் 10 அன்று இறந்தார். அறுபத்தாறு வயது. ஆசிரியராக அவரைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அவர் நோயாளியைத் தூக்கிச் சுமந்தவர் என்பதை எங்கள் பாடப் புத்தகம் சொல்லவில்லை. இங்கேயும் தொற்றும் தீட்டும் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. தீட்டு பாக்காம தூக்கினாங்க. தொற்று வந்து செத்தாங்க. தொற்றுக்குப் பயந்திருந்தாக்கூட யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. இது எனக்குப் பெரிய பாடம்.

கடைசியா, இயக்கத் தோழர்களுக்கு. வன்கொடுமை நடந்தா நம்ம ஆளுங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வர்றீங்க. வாசல்ல முழக்கம், மறியல், பத்திரிகைப் பேட்டி எல்லாம் நடக்குது. நடக்கணும். ஆனா வார்டு உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் பாக்குறதில்ல. வந்தவுடனே விபத்துப் பதிவேட்டுல, ஏ.ஆர்.ன்னு சொல்லுவோமே, அதுல என்ன எழுதுறாங்கங்கிறது மேலதான் பின்னால வழக்கே நிக்கும். "தெரிந்த நபர்கள் சிலர் கட்டையால் தாக்கியதாக" எழுதுறதுக்கும், "கீழே விழுந்ததாக" எழுதுறதுக்கும் நடுவுல 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே காணாமப் போயிடும். எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற முதல் விதி, பாத்ததை எழுது, நினைச்சதை எழுதாதே, எழுதாதது நடக்காததுக்குச் சமம். நேரம் போட்டு எழுதின நர்ஸ் குறிப்பு வழக்குக்கு உதவும். 1995ஆம் ஆண்டு விதிகளில் பாதிக்கப்பட்டவருக்கு மருந்து, ரத்தம், மாற்றுத் துணி, சாப்பாடு, பழம் வரைக்கும் செலவைத் திருப்பித் தர இடம் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குறவங்க எத்தனை பேர்?

அப்புறம், கூட்டம் கலைஞ்ச பிறகு ராத்திரி அவரோட பக்கத்துல யார் இருக்கிறது? அவர் மனைவி. கைக்குழந்தையோட. ரெண்டு மணிக்கு ஒருக்கா அவரைத் திருப்பிப் படுக்க வைக்க அவங்களால தனியா முடியாது. இயக்கத்துல பத்துப் பசங்க முறை போட்டு வந்தா முடியும். எப்படித் திருப்பணும், எங்கே பாக்கணும்னு நான் அரை நாள்ல சொல்லிக் குடுத்துடுவேன். பசங்களைத்தான் சொல்றேன். இது பொம்பள வேலைன்னு நீங்க ஒதுங்கினா, அதுவும் பிறப்பால வேலை பிரிக்கிறதுதான். அதுக்கு வேற பேரு இருக்கா?

கோரிக்கைகளைச் சுருக்கமா சொல்லிடுறேன். 2015இல் தேர்வெழுதி வந்த செவிலியர்களைத் தமிழக அரசு மாதம் 7,700 ரூபாய் ஒப்பந்தத்தில் எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். அப்போது தலித் இயக்கங்கள் இன்னும் அதிகமாகப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு 2016இல் பரிந்துரைத்தது. நம்ம தங்கச்சிங்க அதுல எவ்வளவு வாங்குறாங்கன்னு கேட்டுப் பாருங்க. தீண்டாமையைக் காரணம் காட்டி ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். நோயாளிக்கு அந்தப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது. வைத்தியம் பார்க்கிற எங்களைச் சாதி கேட்டு அவமதித்தால் புகார் கொடுக்க வார்டில் ஒரு இடம் வேண்டும். "பேஷண்ட்டுகிட்ட வாக்குவாதம் பண்ணாதே"ன்னு எங்களை அடக்குறதோட நிர்வாகத்தோட கடமை முடிஞ்சிடக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற தங்கச்சிங்க, தம்பிங்க, நர்சிங்குக்கு வாங்க. தெய்வமா ஆகுறதுக்காக இல்ல. உடம்பைப் படிக்க வாங்க. நம்ம உடம்புன்னா என்ன, நம்ம சனத்துக்கு ஏன் சீக்கிரம் சாவு வருதுன்னு தெரிஞ்சுக்க வாங்க. விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை பத்திக் கேக்கணும்னா சாப்பாட்டு நேரத்துல பின்னாடி மரத்தடியில இருப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன். அதுக்குள்ள வந்து கேளுங்க.

ஜெய்பீம்.